அச்சாரம் வாங்கிய கட்டில்

கேள்வி: கணவருக்கு மாற்றல் வந்திருப்பதால் இந்த மாதக் கடைசியில் திருச்சியிலிருந்து கோயம்புத்தூருக்குக் குடிபெயர்கிறோம். எடுத்துப்போக முடியாத பொருள்களை இணையத்தில் விற்பனைக்குப் போட்டேன். ஃபிரிட்ஜுக்கு ‘நல்ல நிலையில் உள்ளது, 9,000 ரூபாய், பேரம் இல்லை’ என்று எழுதினேன். இரண்டு நாளில் அறுபது பேருக்கு மேல் ‘இருக்கிறதா?’ என்று கேட்டார்கள். ‘இருக்கிறது’ என்றால் அதன் பிறகு பேச்சே இல்லை. ஒருவர் ஞாயிறு காலை பத்து மணிக்கு வருவதாகச் சொன்னார். அவரை நம்பி மற்றவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். மாலை நான்கு மணிக்கு இரண்டு நண்பர்களோடு வந்தார். காய்கறித் தட்டில் விரிசல், கதவு ரப்பர் தளர்வு என்று குறை சொல்லி 5,000 என்றார். திருப்பி அனுப்பிவிட்டேன்.

தேக்குக் கட்டிலுக்கு 12,000 சொல்லியிருந்தேன். ஒரு பெண் வந்து பார்த்து, விலைக்கு ஒத்துக்கொண்டு, 500 ரூபாய் முன்பணம் அனுப்பினார். சனிக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொன்னார். வியாழக்கிழமை வேறொருவர் 14,000 கொடுத்துக் கையோடு எடுத்துப்போய்விட்டார். அன்றே 500 ரூபாயைத் திருப்பி அனுப்பினேன். அந்தப் பெண்ணோ வண்டிக்குப் பணம் கட்டிவிட்டதாகச் சொல்லி, நான் வாக்குத் தவறியவள் என்று எழுதி, எங்கள் உரையாடலை என் போன் எண்ணோடு எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். என் பொருளை யாருக்கு விற்பது என்பது என் உரிமை இல்லையா? இதற்கெல்லாம் சட்டம் உண்டா? ஃபிரிட்ஜும் கணவரின் ஸ்கூட்டரும் இன்னும் விற்கவில்லை. மரியாதை இல்லாதவர்களிடம் எப்படித்தான் விற்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்களை நோகடித்தவர்களும் அதில் இருக்கிறார்கள், நீங்கள் நோகடித்தவரும் இருக்கிறார். நீங்கள் கேட்ட வரிசையை மாற்றிக் கட்டிலிலிருந்து தொடங்குகிறேன். ஃபிரிட்ஜ் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கட்டில் விஷயத்தில் நீங்கள் செய்தது தவறு. அதைச் சுற்றி வளைத்துச் சொல்வது உங்களுக்கு நான் செய்யும் உதவி ஆகாது.

என் பொருளை யாருக்கு விற்பது என்பது என் உரிமை இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். உரிமைதான். ஆனால் வியாழக்கிழமையன்று அந்தக் கட்டில் உங்கள் பொருளாக இருந்ததா? 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. இன்ன பொருள் என்று குறிப்பாகச் சுட்டி, கொடுக்கத் தயாரான நிலையில் இருக்கும் ஒரு பொருளை, நிபந்தனை எதுவும் இல்லாமல் விற்க ஒப்புக்கொண்டால், வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாத வரையில், பேச்சு முடிந்த அந்த நேரத்திலேயே உரிமை வாங்குபவருக்குப் போய்விடுகிறது. பாக்கிப் பணம் பிறகு வரும் என்பதோ, பொருளைச் சனிக்கிழமை எடுப்பார் என்பதோ இதை மாற்றாது. அவர் நேரில் வந்து பார்த்தார், விலைக்கு ஒத்துக்கொண்டார், பணம் அனுப்பினார், நீங்கள் வாங்கிக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு கட்டில் உங்கள் அறையில் இருந்தது, அவ்வளவுதான். எழுத்தில் ஒன்றும் இல்லையே என்று நினைக்க வேண்டாம். இப்படிப்பட்ட ஒப்பந்தத்துக்கு வாய்ச்சொல்லே போதும். உங்களுக்குள் நடந்த வாட்ஸ்அப் உரையாடலும் சாட்சியாக இருக்கிறது.

அதே சட்டம் இரண்டாவதாக வந்தவரையும் காப்பாற்றுகிறது. முன்பு நடந்த பேச்சு எதுவும் தெரியாமல், நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து எடுத்துப்போயிருந்தால் கட்டில் அவருடையது. ஆகவே கட்டிலைத் திரும்பக் கேட்க வழியில்லை. முதல் பெண்ணுக்கு மிஞ்சுவது இழப்பீடு கேட்கும் உரிமை. ஒப்பந்தத்தை மீறியதால் இயல்பாக நேர்ந்த நஷ்டத்தை மீறியவர் ஈடுகட்ட வேண்டும் என்று 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. அவர் வண்டிக்குக் கட்டிய பணம் நேராக அதற்குள் வரும்.

இதற்காக அவர் நீதிமன்றம் போவாரா? போகமாட்டார். வழக்கறிஞருக்கு ஒரு நாள் கொடுக்கும் பணம் அந்த நஷ்டத்தைவிட அதிகம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றால், நீங்கள் வியாபாரி அல்ல, வீட்டுப் பொருளை ஒரு முறை விற்கும் தனிநபர். அங்கேயும் அவருக்கு இடம் கிடைப்பது கடினம். இருபது ஆண்டுக்கு மேலாக வழக்கறிஞராகவும், சில ஆண்டுகளாகச் சமரசப் பேச்சு நடத்துபவராகவும் இருக்கிறேன். சட்டம் எழுத்தில் இருந்தும், அதைத் தேடிப்போக யாருக்கும் கட்டுப்படியாகாத இடங்கள் நம் வாழ்க்கையில் நிறைய இருக்கின்றன. பழைய பொருளின் விற்பனை அப்படிப்பட்ட இடம். அங்கே இரண்டு பேருக்கு நடுவில் நிற்பது சொன்ன சொல் ஒன்றுதான். அதனால்தான் உங்கள் 500 ரூபாய் விஷயத்தை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஊரில் இதற்கு அச்சாரம் என்று ஒரு சொல் இருக்கிறது. முன்பணம் என்றால் பணத்தின் ஒரு பகுதி முன்னாலேயே வந்துவிட்டது என்று பொருள். அச்சாரம் என்றால் பேச்சு முடிந்துவிட்டது என்று பொருள். ஒரு ரூபாய் கொடுத்தாலும் அச்சாரம் அச்சாரம்தான். மாட்டுக்கு அச்சாரம் வாங்கிய பிறகு அடுத்து வருகிறவரிடம் ‘பேசி முடித்தாகிவிட்டது’ என்று சொல்வதில் விற்பவருக்கு ஒரு பெருமிதமே உண்டு. பஸ் ஜன்னல் வழியாக ஒருவர் துண்டு போட்டு வைத்த இருக்கையில் மற்றவர் உட்காரத் தயங்குகிறார். துண்டுக்கே அந்த மதிப்பு என்றால், கை நீட்டி வாங்கிய பணத்துக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

‘அன்றே திருப்பி அனுப்பிவிட்டேன்’ என்று எழுதியிருக்கிறீர்கள். பணம் திரும்பிப் போய்விட்டது, உண்மை. சனிக்கிழமைக்காக அவர் செய்த ஏற்பாடுகள் திரும்பவில்லை. வீட்டில் இடம் ஒழித்திருப்பார், பழைய கட்டிலை யாருக்காவது கொடுத்திருப்பார், வேறு நல்ல கட்டில் ஒன்றை வேண்டாம் என்றிருப்பார். நீங்கள் நம்பிக் காத்திருந்தும் சொன்ன நேரத்துக்கு வராத ஞாயிற்றுக்கிழமை மனிதர்மீது உங்களுக்கு எவ்வளவு கோபம் வந்ததோ, அதே கோபம்தான் அவருக்கும்.

இப்போது செய்ய வேண்டியது. அவருக்குப் போன் செய்யுங்கள். எழுத வேண்டாம், எழுத்தில் குரல் தெரியாது. ‘உங்களிடம் அச்சாரம் வாங்கிவிட்டு வேறொருவருக்குக் கொடுத்தது என் தவறு. வண்டிக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்று சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன்.’ இவ்வளவு போதும். வீடு காலி செய்யும் அவசரம், கணவர் சொன்னார், இரண்டாவதாக வந்தவர் கையோடு பணம் கொண்டுவந்தார் என்று எதையும் பின்னால் சேர்க்காதீர்கள். சமரசப் பேச்சுகளில் நான் கண்கூடாகப் பார்த்தது இது: மன்னிப்புக்குப் பின்னால் ஒரு ‘ஆனால்’ வந்தால், எதிரில் இருப்பவர் மன்னிப்பை மறந்துவிட்டு அந்த ‘ஆனால்’ ஒன்றுக்கே பதில் சொல்கிறார். உங்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த 2,000 ரூபாயிலிருந்து அந்த வண்டிப் பணத்தைக் கொடுத்தால் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை.

அவர் உங்கள் எண்ணைக் குழுவில் போட்டதும் தவறுதான். ஒரு பெண்ணின் போன் எண்ணை முன்பின் தெரியாதவர்கள் இருக்கும் குழுவில் போடுவதால் வரும் தொல்லை அவருக்கும் தெரிந்திருக்கும். அதை நீக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆனால் மன்னிப்பும் பணமும் போய்ச் சேர்ந்த பிறகு தனியாகக் கேளுங்கள். ‘நீங்கள் நீக்கினால் நான் தருகிறேன்’ என்று இரண்டையும் முடிச்சுப் போட்டால் அது இன்னொரு பேரமாகிவிடும்.

இனி அந்த அறுபது பேர். அவர்களை மனதிலிருந்து இறக்கிவிடுங்கள். பேஸ்புக் மார்க்கெட்பிளேஸ் போன்ற இடங்களில் ‘இது இன்னும் இருக்கிறதா?’ என்ற கேள்வியைச் செயலியே எழுதி வைத்திருக்கிறது. விரலால் ஒரு தட்டுத் தட்டினால் போய்விடும். பஸ்ஸில் நின்றுகொண்டே பத்து ஃபிரிட்ஜுக்குத் தட்டிவிட்டு மறந்திருப்பார்கள். கடை வாசலில் நின்று பார்த்துவிட்டு நடக்கிறவர்மீது கடைக்காரர் வருத்தப்படுவதில்லை. அவர்களுக்கு ‘இருக்கிறது’ என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதிலாக, ‘இருக்கிறது. மாலை ஐந்து முதல் ஏழுக்குள் வந்து பார்க்கலாம். எப்போது வருவீர்கள்?’ என்று அனுப்புங்கள். வாங்கும் எண்ணம் உள்ளவர் நேரம் சொல்வார்.

ஞாயிற்றுக்கிழமை மனிதர் செய்ததில் இரண்டு தவறு, ஒரு நியாயம். ஆறு மணி நேரம் தாமதமாகப்போவது தெரிந்தும் ஒரு வரி அனுப்பாதது முதல் தவறு. விற்கும் வீட்டில் ஒருவர் குளிக்காமல், கடைக்குப் போகாமல், வாசல் மணிக்குக் காது கொடுத்து உட்கார்ந்திருக்கிறார் என்பது வாங்குபவருக்குத் தோன்றவே இல்லை. வர முடியவில்லை, மனம் மாறிவிட்டது, வேறு இடத்தில் கிடைத்துவிட்டது, எதுவானாலும் சொல்லிவிடலாம். ‘வேண்டாம்’ என்று சொல்வது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் நினைத்து மௌனமாகிவிடுகிறோம். அந்த மௌனம்தான் மரியாதைக் குறைவு.

இரண்டாவது தவறு, நண்பர்கள் முன்னால் பாதி விலைக்கு இறக்கியது. பேரத்தை நான் குறை சொல்லவில்லை. பேரம் பேசாமல் பழைய பொருள் கைமாறுவது அபூர்வம். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை மறைத்து விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே என்ன விலை கேட்கப்பட்டது என்று பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. பேரம் படியாமல் போனாலும் அந்த மாட்டின் மதிப்பும் அதன் சொந்தக்காரரின் மதிப்பும் சந்தை நடுவில் குறையாது. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது. இணையத்தில் அந்தத் துண்டுக்குச் சமமானது தனிச் செய்தி. பேரத்தை வீட்டை விட்டுக் கிளம்பும் முன்பே அதில் முடித்துக்கொள்ள வேண்டும். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே விலையைக் குறைப்பது, விற்பவரின் அவசரத்தைப் பிடித்து முறுக்குவதாகும். வந்து பார்த்த பிறகு, முன்பே சொல்லப்படாத குறை கண்ணில் பட்டால் மட்டுமே மறுபடி விலை பேச இடமுண்டு.

அவர் பக்கத்து நியாயமும் அங்கேதான் இருக்கிறது. காய்கறித் தட்டில் விரிசல் இருந்தது, கதவு ரப்பர் தளர்ந்திருந்தது. நீங்கள் எழுதியது ‘நல்ல நிலையில் உள்ளது’ என்று மட்டும். 5,000 அநியாயமாக இருக்கலாம். ஆனால் குறைக்கச் சொல்லும் வாய்ப்பை அவருக்குக் கொடுத்தது உங்கள் விளம்பரம்.

விற்பவர் குறையைச் சொல்லாமல் இருக்கலாமா என்பதற்கு 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு குதிரைக் கதை எடுத்துக்காட்டாக இருக்கிறது. குறையுள்ள குதிரை என்று தெரிந்தும் ஒருவர் அதை ஏலத்தில் ஒன்றும் சொல்லாமல் விற்கிறார். அது மோசடி ஆகாது. ஆனால் வாங்குபவர், ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொள்வேன்’ என்று சொல்லி, விற்பவர் வாய் திறக்காமல் இருந்தால், அந்த மௌனம் ‘ஆம்’ என்று சொன்னதற்குச் சமம். பழைய பொருள் வாங்கும் எல்லோரும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: ‘நான் பார்க்காத குறை வேறு ஏதாவது இருக்கிறதா?’ இதில் சந்தேகப்படுவதற்கோ கோபப்படுவதற்கோ ஒன்றும் இல்லை. கேட்டுவிட்டால் சட்டமும் ஓரளவு பக்கத்தில் வந்து நிற்கிறது.

கேட்கும்வரை காத்திராத விற்பவர்களும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு என் மனைவிக்காகக் காலால் மிதிக்கும் பழைய தையல் இயந்திரம் ஒன்றை வாங்கப் போனோம். விற்றவர் எழுபது வயதைத் தாண்டிய அம்மா. கைச் சக்கரத்தில் நூலால் ஒரு காகிதத்தைக் கட்டியிருந்தார். நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்த தாள், நீல மை. ‘பாபின் பெட்டி புதிது. பெல்ட் ஆறு மாதம் வரும், பிறகு மாற்ற வேண்டும். மழைக்காலத்தில் மிதி இறுகும், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். கனத்த துணிக்கு 18 நம்பர் ஊசி.’ அவர் சொன்ன விலையிலிருந்து ஒரு ரூபாய்கூடக் குறைக்கச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. பெல்ட்டை மாற்றி நாளாகிவிட்டது. அந்தத் தாள் இன்னும் இழுப்பறையில் இருக்கிறது.

உங்கள் ஃபிரிட்ஜுக்கும் அப்படி ஒரு தாளாக விளம்பரத்தை மாற்றி எழுதுங்கள். இப்படி இருக்கலாம்: ‘இன்ன வருடம் வாங்கியது. ஒற்றைக் கதவு, இத்தனை லிட்டர். நன்றாகக் குளிர்கிறது. காய்கறித் தட்டில் ஒரு பக்கம் விரிசல், கதவு ரப்பர் ஓரிடத்தில் தளர்வு, இரண்டையும் படத்தில் காணலாம். வீடு இன்ன மாடி, லிஃப்ட் உண்டு அல்லது இல்லை. இறக்க ஆள் நீங்கள் கூட்டிவர வேண்டும். விலை 8,000. ஓடுவதைப் பார்த்த பிறகு பணம் கொடுத்தால் போதும்.’ ஆயிரம் குறைத்திருக்கிறேனே என்று பார்க்கிறீர்களா? விரிசலுக்கும் ரப்பருக்கும் நீங்களே கழித்துவிட்டால், அடுத்தவர் அதைச் சாக்காக வைத்து நாலாயிரம் கழிக்க முடியாது. ‘பேரம் இல்லை’ என்ற வார்த்தையையும் எடுத்துவிடுங்கள். எங்கே நிற்பது என்று உங்களுக்குள் முடிவு செய்துகொண்டு, கேட்பவரிடம் அமைதியாக ‘இதுதான் கடைசி விலை’ என்று ஒரு முறை சொல்லுங்கள்.

வருகிறவருக்காக ஃபிரிட்ஜை ஓட விட்டு வையுங்கள். விற்கப்போகிறோமே என்று முதல் நாளே அணைத்துத் துடைத்து வைத்தால், அது குளிர்கிறதா என்று பார்க்க அவருக்கு வழியில்லை. கதவு ரப்பரைச் சோதிக்க ஒரு சிறு காகிதத் துண்டு போதும். கதவுக்கு இடையில் வைத்து மூடி இழுத்தால், பிடிமானம் உள்ள இடத்தில் காகிதம் இறுக்கமாக வரும், தளர்ந்த இடத்தில் வழுக்கிக்கொண்டு வரும். அதை அவர் கண்முன்னால் நீங்களே செய்து காட்டுங்கள். தளர்வை மறைக்காமல் காட்டும் விற்பவரை நம்பி மற்றதையும் வாங்குவார்கள்.

‘உங்களுக்காக எடுத்து வைக்கிறேன்’ என்று யாருக்காவது சொன்னால் எவ்வளவு நேரத்துக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள். ‘நாளை இரவு எட்டு மணி வரை வைத்திருப்பேன், அதற்குள் வராவிட்டால் அடுத்தவருக்குப் போகும்.’ கட்டிலுக்குச் சனிக்கிழமை என்ற எல்லை ஏற்கெனவே இருந்தது. அதுவரை காத்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. அச்சாரம் வாங்கினால் அடுத்தவர் எவ்வளவு கூட்டிக் கொடுத்தாலும் அது முடிந்துபோன விற்பனைதான். அடுத்தவரின் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, ‘முதலில் பேசியவர் வராவிட்டால் உங்களைக் கூப்பிடுகிறேன்’ என்று சொல்லலாம்.

வீட்டில் துணைக்கு ஆள் இருக்கும் நேரத்துக்கு மட்டும் வரச் சொல்லுங்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேட்டு வையுங்கள். மூன்று ஆண்கள் திடீரென்று வாசலில் நிற்பது ஒரு பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்பதை வாங்குபவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். ஃபிரிட்ஜுக்காகக் கொடுத்த எண் ஃபிரிட்ஜோடு முடிந்துவிடுகிறது. அதன் பிறகு காலை வணக்கப் படங்கள் அனுப்புகிறவரைத் தயங்காமல் தடுத்துவிடுங்கள். பணம் வாங்குவதில் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: யுபிஐயில் பணம் வர உங்கள் ரகசிய எண் ஒருபோதும் தேவைப்படாது. ‘பணம் அனுப்புகிறேன், இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடுங்கள்’ என்று யாராவது சொன்னால் உங்கள் பணம் போகப்போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் உடனே இணையப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

ஸ்கூட்டர் விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சாவியைக் கொடுத்துப் பணத்தை வாங்கியதோடு வண்டி விற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பும் அவரையே சேரும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இடையில் வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் அப்படித்தான். மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாள்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாள்களுக்குள். அதற்கான படிவங்கள் 29, 30. கோயம்புத்தூர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல், திருச்சியில் இருக்கும்போதே வாங்குபவரும் உங்கள் கணவரும் சேர்ந்து அந்த வேலையை முடிக்கட்டும். பெயரை மாற்றாமல் மாதக்கணக்கில் ஓட்டிக்கொண்டு, பழைய உரிமையாளர் வீட்டுக்கு அபராதச் சீட்டு போய்க்கொண்டிருந்தும் கவலைப்படாத வாங்குபவர்கள் பலர் என்னிடம் வந்த வழக்குகளில் இருந்திருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு வந்தவரைவிட அவர்கள்மீதுதான் எனக்குக் கோபம் அதிகம்.

ஃபிரிட்ஜ் விலை படிந்ததும் எடுத்துப்போகிறவரிடம் ஒன்று சொல்லி அனுப்புங்கள். குட்டியானையில் ஏற்றும்போது படுக்கப் போடாமல் நிற்கவைத்துக் கட்டிக் கொண்டுபோகட்டும். வழியில்லாமல் படுக்கவைத்தால் கம்ப்ரஸரில் இருக்கும் எண்ணெய் குழாய்களுக்குள் போய்விடும். அதனால் வீட்டில் நிறுத்தி, சில மணி நேரம் விட்ட பிறகுதான் சுவிட்ச் போட வேண்டும். விரிசல் விட்ட தட்டின் அடியில் ஒரு துணி விரித்துக் கொடுங்கள். இன்று மாலைக்குள் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்துவிடுங்கள்.